வைரக்கண்ணுவின் வலது கால்

"தாயே, நான் கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டேன்" என்றார் வைரக்கண்ணு.

"விசில் அடிச்சது யாரு?" என்று கேட்டார் அம்மா.

வைரக்கண்ணு முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே பிழைத்தவர். வயது அறுபத்துநாலு. ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. குருவான அம்மாவோ அவரைவிட இருபது வயது இளையவர். அவர் வாயால் 'தேறிவிட்டீர்கள்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். "ஒரு மாசம் தாங்க மாட்டீங்க மாமா" என்று சிரித்து வழியனுப்பிய மாப்பிள்ளை முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

"உடம்பை ஜெயிச்சுட்டேன் தாயே. சுண்டுவிரலுக்கு அடியில கால் ஆணி. மருந்துக் கடையில பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். அதையே ஒட்டிக்கிட்ட நம்ம சமையல்காரர் எரியுது எரியுதுன்னு குதிக்கிறார். எனக்கு அஞ்சு நாளா ஒண்ணுமே தெரியலை. உடம்பு வேற, நான் வேற."

அம்மா அவர் காலைப் பார்த்தார்.

"செருப்பை எங்கே விட்டீங்க?"

"வாசல்லதான். அதுகூடத் தெரியாதா எனக்கு?"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

வைரக்கண்ணு குனிந்தார். இடது கால் வெறுங்கால். வலது காலில் ரப்பர் செருப்பு அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா தாயே! இது கால்ல இருக்கிறதே தெரியலை. இதுக்குமேல என்ன வேணும்?"

"சர்க்கரை எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

"பிளாஸ்டர் டப்பா இருக்கா? படிங்க."

இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊர்ப் பேர் கூவும் குரலில் வாசித்தார்: "தோலைக் கரைக்கும் அமிலம் கலந்தது. சர்க்கரை நோயாளிகளும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் போடக் கூடாது."

"போட்டிருக்கீங்களே?"

"அது உடம்பு உள்ளவங்களுக்கு எழுதினது தாயே."

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டரை மெல்ல உரித்தார்.

ஆணி இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. நடுவே ஒரு குழி. அதன் ஓரத்தில் சீழ்.

சிரிப்பு நின்றுவிட்டது.

வைரக்கண்ணுவுக்கு இப்போதும் வலிக்கவில்லை. வியர்த்தது.

"தாயே..."

"யாராவது ஆட்டோ கூப்பிடுங்க" என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் இருபது நாள். "சர்க்கரையில கால் மரத்துப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா விரலையே எடுத்திருப்போம்" என்றார் டாக்டர்.

திரும்பி வந்தவர் அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏதாவது உபதேசம்..."

அம்மா ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"முகத்தைப் பார்க்கணுமா தாயே?"

"உள்ளங்காலை."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் வைரக்கண்ணு கிழக்கே பார்த்து உட்காருவார். கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்ப்பார்.

ஒருநாள் மாப்பிள்ளை வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாமா, தன்னை அறியறதுன்னு சொல்வாங்களே, அது இதுதானா? எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"பேசாதீங்க மாப்பிள்ளை. இன்னும் சுண்டுவிரல் பாக்கி."