மருத்துவரைத் தாண்டிப் போன தாம்பூலத் தட்டு

“ஒரு வெற்றிலைக்கா இந்த மருத்துவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?”

தூணுக்கு அந்தப் பக்கம் அமைச்சர் பிட்டனார் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தப் பக்கம் அரசருக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் காதில் அது விழுந்தது.

குன்றவாயில் அரசவையில் பன்னிரண்டு அமைச்சர்கள். பன்னிரண்டு பேருக்கும் பச்சைத் தலைப்பாகை. எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் மைத்துனர். அறிவோடு மட்டும் அவர்களில் யாருக்கும் உறவில்லை.

சபை கலையும்போது முதலமைச்சர் சாத்தனார் தாம்பூலத் தட்டோடு வரிசையாக வருவார். கடற்கரையிலிருந்து வந்த மருத்துவர் கலமணிக்குத் தலைப்பாகை கிடையாது. ஆறு நாளாகத் தட்டு அவரைத் தாண்டியே போனது. ஏழு நாள் தாம்பூலம் பெறாதவர் சபையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம்.

செண்பகவல்லி அரசர் மாறவேளிடம் முறையிட்டாள்.

“கவனக்குறைவாம். ஆறு நாளும்,” என்றார் அரசர். “வெற்றிலை என்ன பெரிய விஷயம் என்கிறார்கள். அது குற்றம் என்று அவர்கள் வாயாலேயே நாளைக்குச் சொல்ல வை, பார்க்கலாம். ஆனால் சபையில் மருத்துவருக்காக நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியாவிட்டால் அவர் மூட்டை கட்டட்டும்.”

“ஆகட்டும், அரசே.”

மறுநாள் பிட்டனார் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டுத் தாமதமாக வந்தார். மீசையும் போயிருந்தது. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். செண்பகவல்லி வாசலிலேயே கைகூப்பினாள்.

“ஐயா, சந்தனம் காய்வதற்குள் தலைப்பாகை கட்டினால் சாமி கோபித்துக்கொள்ளுமாம். உங்கள் இருக்கையில் வேறு நான் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இன்றைக்கு மட்டும் மருத்துவர் பக்கத்தில் உட்காருங்களேன்.”

உட்கார்ந்தார்.

சபை கலையும் நேரம். சாத்தனார் தட்டோடு வந்தார். அவர் பார்ப்பது தலைப்பாகையைத்தான். அதற்குக் கீழே முகம் என்று ஒன்று இருப்பதை அவர் கவனித்ததே இல்லை. மருத்துவரைத் தாண்டினார்; மொட்டைத் தலையையும் தாண்டினார்.

“அத்தான்!” பிட்டனாரின் குரல் உடைந்தது. “எனக்கு எங்கே வெற்றிலை? இத்தனை பேர் முன்னால்... அக்காவிடம் நான் என்ன சொல்வேன்?” அவர் கண்ணில் நீர் முட்டியது.

“ஐயையோ, நம்ம பிட்டனார்!” பத்துத் தலைப்பாகைகள் ஒன்றாக எழுந்தன.

“மகாபாதகம்!”

“குலத்துக்கே அவமானம், அரசே!”

சாத்தனார் செண்பகவல்லியைச் சுட்டிக் காட்டினார். “தட்டை அடுக்கியவள் இவள்தான்! வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறாள்!”

“குற்றவாளிக்கு என்ன தண்டனை?” என்று கேட்டார் அரசர்.

“விடுபட்டவர் முன்னால் மண்டியிட வேண்டும்! எத்தனை வெற்றிலை விடுபட்டதோ அத்தனையும் தன் கையால் மடித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்!” என்றார் சாத்தனார்.

“விடுபட்டவர் யாராக இருந்தாலுமா?”

“யாராக இருந்தாலும்! நீதி முகம் பார்க்காது, அரசே!”

செண்பகவல்லி தட்டைக் காட்டினாள். மடித்த வெற்றிலை இரண்டு அதில் மீதி இருந்தது.

“நான் சரியாகத்தான் வைத்தேன், அரசே. ஒன்று பிட்டனாருக்கு. இன்னொன்று... அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் வீசினார்.

“நான் பேசுகிறேன், சாத்தனாரே. மைத்துனருக்கு ஒன்று. மருத்துவருக்கு ஏழு.”

சாத்தனார் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார். கலமணியின் முன்னால் மண்டியிட்டு, முதல் வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார்.