மூலச் சான்றிதழ் தேடிய மூன்று படை மருத்துவர்கள்

முரசங்கோட்டை சமஸ்தானத்துப் படையில் மூன்று பயிற்சி மருத்துவர்கள் இருந்தார்கள்: கோமதிநாயகம், சவரிராயன், பிச்சாண்டி. மூவரும் பரீட்சையில் தேறியவர்கள். எப்படித் தேறினார்கள் என்று கேட்கக் கூடாது. விடைத்தாளைத் திருத்தியவரே இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூவரில் அறிவாளி கோமதிநாயகம். மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டதால் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இன்னும் பத்து நாளில் படை எல்லைக்குப் புறப்படுகிறது. அதற்குள் வைத்திய உரிமம் வாங்கினால் அவர்கள் படை மருத்துவர்கள். வாங்காவிட்டால் ஆயுள் முழுக்கச் சமையல் கொட்டகையில் வெங்காயம் உரிக்க வேண்டும். படையின் தலைமை மருத்துவர் மேஜர் துரைக்கண்ணு அப்படித்தான் சொல்லியிருந்தார். கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. உரிமம் கிடைக்காமல் போனால் மொட்டை போடுவதாகப் பாதிப் படை நேர்ந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

உரிம அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. முதல் வரியே, "மூலச் சான்றிதழுடன் நேரில் வரவும்."

கோமதிநாயகம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார். "நம்மள்ல யாருக்காவது மூலம் இருக்கா?"

"எங்க மாமாவுக்கு இருக்கு," என்றார் சவரிராயன். "அவரக் கூட்டிட்டுப் போனா ஒத்துக்குவாங்களா?"

"விண்ணப்பம் போடுறது நாம. நமக்குத்தான் இருக்கணும்."

"வைத்தியம் பாக்குறவனுக்கு எதுக்குப்பா மூலம்?" என்று கேட்டார் பிச்சாண்டி.

"நோயாளியோட வேதனை நமக்கும் தெரியணும்னு சர்க்கார் நினைக்குது. நல்ல எண்ணம்தானே," என்றார் கோமதிநாயகம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இல்லை. இப்படி ஆரோக்கியமாக இருந்து தொலைத்தோமே என்று பிச்சாண்டி கண் கலங்கினார்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. பச்சை மிளகாயைப் பிடி பிடியாகத் தின்றார்கள். தண்ணீரைத் தொடவில்லை. வெயிலில் காய்ந்த பாறைமேல் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்தார்கள். ஆறாம் நாள் சவரிராயன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "வந்துட்டுது," என்றார். மற்ற இருவரும் பொறாமையை மறைத்துக்கொண்டு அவர் கையைக் குலுக்கினார்கள். மறுநாள் அவர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது.

மேஜர் துரைக்கண்ணு பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. இவர்களைக் கேள்வி கேட்பதை அவர் போன வருஷமே நிறுத்திவிட்டார்.

மூவரும் காலை அகட்டி அகட்டி நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கண்காணிப்பாளர் மேசையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். படிவத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது: "தேவையில்லாததை அடித்துவிடவும்."

"இங்க தேவையில்லாதது எது?" என்று கோமதிநாயகம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேசை வேணும். அவர் தலை வைக்கணும்," என்றார் சவரிராயன்.

"நாற்காலியும் வேணும். இல்லாட்டி விழுந்துடுவார்," என்றார் பிச்சாண்டி.

"அவரு?" என்றார் கோமதிநாயகம்.

வெகுநேரம் யோசித்தார்கள். "எழுப்பி அவரையே கேட்டுடலாமே," என்றார் பிச்சாண்டி.

"தேவையில்லாதவர்கிட்டயே கேட்டா ஒத்துக்குவாரா?" என்றார் கோமதிநாயகம். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. சவரிராயன் மேசையிலிருந்த ரூல் தடியை எடுத்தார்.

கண்காணிப்பாளர் விழித்தபோது ஆறாவது அடி விழுந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா, படிவத்துல போட்டிருக்கு," என்றார் சவரிராயன் பணிவாக.

கண்காணிப்பாளர் படிவத்தைப் பார்த்தார். மூன்று மூலச் சான்றிதழ்களையும் படித்தார். பிறகு தடியைப் பார்த்தார். மூவருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமத்தை எழுதி முத்திரை குத்தினார். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் வந்த அன்றைக்கே அவர் முடித்த முதல் கோப்பு அது. "அஞ்சு வருஷம் செல்லும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

வெளியே வந்ததும் கோமதிநாயகம் நின்றுவிட்டார். "செல்லும்னாரே, எங்க செல்லும்?"

"அதச் சொல்லலையே," என்றார் பிச்சாண்டி.

"எங்க செல்லுதோ அங்க நாமளும் போகணும். உரிமம் ஒரு பக்கம், நாம ஒரு பக்கம் இருந்தா சட்டப்படி தப்பு," என்றார் சவரிராயன்.

கோமதிநாயகம் உரிமத்தை நடுத்தெருவில் பதமாக வைத்தார். மூவரும் விறைப்பாக நின்று காத்திருந்தார்கள். காற்று அடித்தது. தாள் ஒரு தடவை புரண்டு கிழக்கே கிளம்பியது.

இரண்டு நாள் கழித்துப் படை மேற்கே எல்லைக்குப் புறப்படும் நேரத்தில் மேஜருக்குத் தபால் வந்தது.

"ஐயா, உரிமம் கிடைத்துவிட்டது. தற்சமயம் கிழக்கே சென்றுகொண்டிருக்கிறது, நாங்களும் பின்னால் சென்றுகொண்டிருக்கிறோம். ஐந்து வருஷம் ஆகும். அதுவரை யாரும் காயம்பட வேண்டாம் என்று எதிரிப் படைக்கும் சொல்லிவைக்கவும்."