வேதவல்லி என்று தேடினால்

"வேதவல்லின்னு அடிச்சா ஒருத்தியும் வரமாட்டேங்குறாளே, ஏன் தாயி?"

டெய்லர் கண்ணுச்சாமி இதைக் கேட்பது பதினோராம் தடவை. ஞாபகம் தப்பிய மனைவி வீட்டை விட்டுப் போய் நாலு மாதம். பாவம், அலைந்து அலைந்து மனுஷன் பாதியாகிவிட்டார்.

காணாமல் போனவர்களைக் கணினியில் தேடித் தரும் அறை அது. காப்பகங்கள் தங்களிடம் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி எழுதி அனுப்பும் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும்.

நாற்காலியில் ரெஜினா. கண்ணுச்சாமிக்கு மகள் வயது. காலையிலிருந்து முப்பது பேர் அவள் முன்னால் அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

தேடும் கட்டத்துக்குக் கீழே கணினி தானாகச் சில சொற்களை நீட்டியது. இதற்கு முன் தேடியவர்களிடம் அது கற்றுக்கொண்டவை. பெயர் தெரியாதவர். மனைவி. வீட்டம்மா.

"இதையும் போட்டுப் பார்ப்போமா ஐயா?"

"அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? அவ பேரு வேதவல்லி. ஆதார்லயே இருக்கு."

ரெஜினா பெருமூச்சு விட்டாள்.

"வீட்ல அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நானா? 'இந்தா'ம்பேன்."

"பிள்ளைங்க?"

"அம்மாதான். வேற எப்படிக் கூப்பிடும்?"

"தெருவுல?"

"டெய்லர் வீட்டம்மா."

"அப்ப வேதவல்லின்னு யாரு கூப்பிட்டா?"

கண்ணுச்சாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அவுக அப்பா. அவரு போயி முப்பது வருசமாச்சு."

ரெஜினா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். டெய்லர் வீட்டம்மா.

ஒரே ஒரு குறிப்பு வந்தது. ரெஜினா வாசித்தாள்.

"பெண். வயது அறுபது இருக்கலாம். பேருந்து நிலையத்தில் இருந்தார். பெயர் கேட்டால் டெய்லர் வீட்டம்மா என்கிறார். உங்கள் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அழுகிறார்."

பக்கத்தில் போட்டோ. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவள்தான்.

கண்ணுச்சாமி வாய்விட்டு அழுதார். ரெஜினா தடுக்கவில்லை. காப்பகத்தின் முகவரியை எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கே போயிருங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் அப்படியே நின்றார். திரும்பி வந்தார்.

"போயி அவ முன்னால நின்னு, என்னன்னு கூப்பிடறது தாயி?"