வேர் செய்த வேலை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் குடிகளுக்குச் சோறு இறங்காது என்றிருந்த காலத்தில், உத்தண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் ஒன்று தோன்றினால் சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும், அவ்வளவுதான். நடக்காவிட்டால் யாருடைய தலையாவது உருளும்.

ஒரு நாள் புதிதாகக் கட்டிய மேல்மாடத்தில் ஏறி நின்றார். கிழக்கே நொச்சியோடை ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது. தண்ணீரைத்தான் காணோம். கரை நெடுக நொச்சியும் தாழையும் நாணலும், ஊடே ஊடே புங்கையும் அடர்ந்து நின்று மறைத்தன.

"என் ராஜ்யத்துத் தண்ணீர் என் கண்ணுக்குத் தெரியக் கூடாதா? அந்தப் புதரையெல்லாம் வெட்டித் தள்ளுங்கள்!" என்றார்.

பக்கத்தில் நின்ற பிரதானி நீலமேகத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஓடையோரத்து வண்டல் மண்ணில் வாழைத் தோட்டம் போட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. ஆனால் ஒரு கல் குறுக்கே நின்றது. நிஜமாகவே கல்தான். ராஜாவின் பாட்டனார் காலத்தில், ஓடையோரத்து ஏழு ஊராரும் கூடிக் கட்டுப்பாடு செய்து, பாட்டனாரின் முத்திரையோடு கரையில் நட்ட கல். அதில் இப்படி வெட்டியிருந்தது:

"ஓடைக்கு இருபுறமும் நாற்பது அடி ஓடைக்கே. அங்கே ஏர் இறங்காது, அரிவாள் இறங்காது. மீறி ஒரு வேரை அறுத்தவன், வேறொன்று அவ்விடத்தில் வேர்பிடிக்கும் மட்டும், அந்த வேர் செய்த வேலையைத் தானே நின்று செய்யக் கடவன். நானும் என் வம்சமும் இதற்கு அடக்கம்."

பாட்டனார் வாக்கை மீறினார் என்று ஊர் பேசினால் ராஜாவுக்கு ஆகாது. நீலமேகம் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"மகாராஜா, கல் வெட்டக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. வெட்டினவன் கரையிலேயே நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, வெட்டுவதற்கு ஒருவன் அகப்பட்டால் போதும். புதரும் போகும், பாட்டனார் வாக்கும் நிற்கும். அந்தப் புண்ணியத்தை விகடகவி மாடக்கண்ணுவுக்கே கொடுத்தால் என்ன? அவன் பிறந்த புங்கம்பட்டி அந்தக் கரையில்தானே இருக்கிறது!"

மாடக்கண்ணு அந்த அரண்மனையின் விகடகவி. ஏழு வருஷமாக ராஜாவைச் சிரிக்க வைத்தே சோறு தின்கிறவன். அதில் முக்கால்வாசிச் சிரிப்பு நீலமேகத்தைப் பற்றியது. அவர் மட்டும் அதை மறப்பாரா? வெட்டினால் மாடக்கண்ணு சபைக்கு வர முடியாது, வருஷக்கணக்கில் ஓடைக்கரையில் நிற்க வேண்டியதுதான். சொந்த ஊரும் முகத்தில் காறித் துப்பும். வெட்டாவிட்டால் ராஜ ஆணையை மீறியதற்குத் தலை போகும். எந்தப் பக்கம் போனாலும் மாடக்கண்ணு ஒழிந்தான் என்பது அவர் கணக்கு.

ராஜா ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டு ஆணையைச் சொன்னார். சபை முழுக்க அவன் முகத்தையே பார்த்தது. அவனுக்குப் பயம் இருந்தது உண்மைதான். அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. புங்கம்பட்டியில் அவன் தவழ்ந்த வீடு அந்தப் புதர்களுக்குப் பின்னால்தான் வெள்ளத்துக்குத் தப்பி நின்றது. அந்தப் புதரை அவன் கையாலேயே வெட்ட வேண்டுமாம். இவர்களுக்குத் தண்ணீர் தெரிய வேண்டுமாம்!

"உத்தரவு மகாராஜா. கல்லில் உள்ளதை ஓர் எழுத்து பிசகாமல் செய்து முடிக்கிறேன்" என்றான். "ஒரே ஒரு சிக்கல். வெட்டின வேரின் வேலையை வெட்டினவனே நின்று செய்ய வேண்டும். எனக்கு இருப்பது ஓர் உடம்பு. ஒரு புதருக்கு நான் நிற்பேன். மற்றப் புதர்களுக்கு?"

"ஆள்தானே? அரண்மனையில் யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போ" என்றார் ராஜா.

எங்கே ஆள் கிடைக்கவில்லை என்று நழுவிவிடுவானோ என்று நீலமேகத்துக்குப் பயம். "அவன் கூப்பிட்டு வராதவருக்கு நாற்பது கசையடி என்றும் சேர்த்து ஆணையிட வேண்டும், மகாராஜா" என்றார். ராஜா அதற்கும் முத்திரை வைத்தார்.

"ஐப்பசி பத்தாம் நாள் காலையில் வேலை ஆரம்பம்" என்று மாடக்கண்ணு கும்பிட்டான். "மகாராஜா கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்."

ஐப்பசி பத்து என்ன நாள் என்று ஓடையோரத்து ஏழு ஊருக்கும் தெரியும். மேட்டுக் கண்மாயின் மடையைத் திறந்து, கீழ்வயல்களுக்கு ஓடை வழியாகத் தண்ணீர் விடுகிற நாள். வருஷம் தவறாமல் நடப்பது. அரண்மனையில் அது ஒருவருக்கும் தெரியாது. சோறு தட்டில் முளைக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு மடை எப்போது திறந்தால் என்ன?

மறுநாள் மாடக்கண்ணு புங்கம்பட்டிக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஓடையை ஒட்டி நாலு செறு வயல் வைத்திருந்த அவன் அண்ணன் மனைவி செம்பாயி, களைக்கொத்தும் கையுமாக வரப்பிலேயே அவனை மறித்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. அரமனைச் சோறு நல்லா ஒட்டியிருக்கு போல. அருவா எங்க, இடுப்புலயா?"

"மதினி, நான் சொல்றத..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். போன பெருவெள்ளத்துல அக்கரையில ஒருத்தன் தெரியாம தாழைய வெட்டுனான். அவன் வயலு எங்க இருக்குன்னு இன்னிக்கும் தேடிக்கிட்டுத் திரியுதான். என் வயலயும் அப்பிடித் தேட வச்சிராத. ராசாவா இருந்தா என்ன, எவனா இருந்தா என்ன? ஒரு நாணல்ல கை வச்சாலும் நான் குறுக்க விழுவேன், பாத்துக்கோ."

"விழுங்க மதினி. ஆனா பத்தாந்தேதி வரைக்கும் பொறுத்து விழுங்க. மடை காவக்காரர்கிட்ட, என்னைக்கும் தெறக்கிற நேரத்துக்கே தெறக்கச் சொல்லுங்க. முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்."

செம்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வழியை விட்டாள்.

பத்தாம் நாள் விடிந்தது. ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நீலமேகத்தின் ஆட்கள் முதல் நாளே கரையோரத்தில் பதினைந்து அடிக்குச் சுத்தமாக வெட்டி, மண்ணைச் சமமாக்கி, சாமரமும் குடையுமாகச் சிம்மாசனம் போட்டிருந்தார்கள். அங்கே நின்ற புங்கை மரமும் நாலு நொச்சிப் புதரும் விறகாக அடுக்கிக் கிடந்தன.

"மகாராஜா, அந்த இடம் வேண்டாம்" என்றான் மாடக்கண்ணு. "புதர் இருக்கிற பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். அங்கேதான் தரை கெட்டி."

"புதருக்குப் பின்னால் உட்கார்ந்து எதைப் பார்ப்பதாம்?" என்று நீலமேகம் சிரித்தார். ராஜா வெட்டின இடத்திலேயே உட்கார்ந்தார்.

மாடக்கண்ணு ஆணை ஓலையை விரித்து ஆள் கூப்பிட ஆரம்பித்தான். வேலைக்காரர்களைக் கூப்பிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனோ, "சேனாதிபதி அவர்களே, தாழைக்கு வாருங்கள்!" என்றான். "ஆஸ்தான ஜோதிடரே, உங்களுக்கு நொச்சி. ஓலை எழுதும் ராயசக்காரர்கள் பத்துப் பேரும் நாணலுக்கு. அரண்மனை வைத்தியரே, அந்தக் கோணல் புங்கை உங்களுடையது."

கசையடி ஆணை இருந்ததே! ஒவ்வொருவராகப் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். மாடக்கண்ணு ஆளுக்கொரு அரிவாளைக் கையில் கொடுத்தான்.

"பெரியோர்களே, கல்லில் உள்ளது உங்களுக்கே தெரியும். அவரவர் புதரை அவரவர் வெட்ட வேண்டியது. வெட்டின நொடியிலிருந்து அந்த இடத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது. மழைக்கும் நிற்க வேண்டும், வெயிலுக்கும் நிற்க வேண்டும். நொச்சி வேர்பிடிக்க ஒரு வருஷம். தாழைக்கு இரண்டு. புங்கைக்கு மூன்று மழைக்காலம். யார் முதலில்?"

சேனாதிபதி ஜோதிடரைப் பார்த்தார். ஜோதிடர் வானத்தைப் பார்த்தார். எத்தனையோ தலைகளை வெட்டிய சேனாதிபதியின் கை, ஒரு தாழை மடலை வெட்ட எழவில்லை.

"இவர்களை விடு!" என்று கத்தினார் நீலமேகம். "ஆணை உனக்கு. நீ வெட்டு முதலில்!"

அக்கரையில் ஏழு ஊரும் திரண்டு நின்றது. செம்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரோரம் வரை வந்துவிட்டாள். மாடக்கண்ணு அரிவாளைக் கையில் எடுத்தான்.

"வெட்டுகிறேன் பிரதானி அவர்களே. வரிசை என்று ஒன்று உண்டு அல்லவா? முதலில் வெட்டினவர் முதலில் நிற்க வேண்டும். அதோ, மகாராஜா உட்கார்ந்திருக்கும் இடத்தில் நேற்றே வேர் அறுந்துவிட்டது. நேற்றிலிருந்து அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. வெட்டியது யார்?"

"கூலியாட்கள்" என்றார் நீலமேகம்.

"யார் சொல்லி வெட்டினீர்கள்?" என்று அவன் திரும்பிக் கேட்டான். கூலியாட்கள் பிரதானியைப் பார்த்தார்கள். எல்லாக் கண்ணும் நீலமேகத்தின் மேல் போய் நின்றது.

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "பாட்டனார் வாக்கு, பிரதானி. இறங்கி நில்லும்" என்றார்.

நீலமேகம் சிம்மாசனத்துக்குக் கீழே கரைச் சரிவில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடக்கண்ணு விறகுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டை மெதுவாக எடுத்தான். உள்ளே மூன்று நீல முட்டைகள் இருந்தன. அதைப் பிரதானியின் தலைப்பாகை மேல் வைத்தான்.

"இதுவும் அந்த நொச்சியின் வேலைதான். ஆடாமல் நில்லுங்கள்" என்றான்.

ராஜா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தபோது மேற்கே இரைச்சல் கேட்டது. மடை திறந்துவிட்டது.

செந்தண்ணீர் நுரையோடு வளைவில் திரும்பி வந்தது. தாழையும் நாணலும் நின்ற கரையில் அது மோதி, வளைந்து, தன் போக்கில் போனது. ஒரு பிடி மண் கூட அசையவில்லை. வெட்டின பதினைந்து அடிக்கு வந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்தது. சமமாக்கி வைத்திருந்த மண் நனைந்த வெல்லமாகக் கரைந்தது. நீலமேகம் பிடித்த மண் விரலிடுக்கில் வழிந்தோடியது. "ஐயோ, நிற்க மாட்டேன் என்கிறதே!" என்று அலறிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தார். கூட்டை மாடக்கண்ணு எட்டிப் பிடித்துக்கொண்டான். பிரதானியை யாரும் பிடிக்கவில்லை.

அடுத்த நொடி சிம்மாசனம் சாய்ந்தது. குடை ஒரு பக்கம், சாமரம் ஒரு பக்கம். உத்தண்டவர்மன் சரிவில் சறுக்கிப் போனவர், கைக்கு அகப்பட்ட எதையோ இறுகப் பற்றிக்கொண்டு தொங்கினார். முழங்கால் வரை தண்ணீர் இழுக்கிறது. கை மட்டும் விடவில்லை.

அவர் பற்றியிருந்தது பக்கத்தில் வெட்டாமல் நின்ற ஒரு நொச்சிப் புதர்.

மாடக்கண்ணு கரையில் குனிந்து, கையில் அரிவாளோடு, ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"மகாராஜா, ஆணைப்படி இந்தப் புதரை இப்போது வெட்டலாமா?"

"டேய், வேண்டாமடா! தொடாதே!" என்று ராஜா கத்தினார்.

கத்தின பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. அக்கரையில் முதலில் செம்பாயி சிரித்தாள். பிறகு ஏழு ஊரும் சிரித்தது. ராஜாவைப் பார்த்துக் குடிகள் சிரித்தால் என்ன தண்டனை என்று சேனாதிபதிக்கு நன்றாகத் தெரியும், அவர் வாளில் கை வைத்தார். அதற்குள் ராஜாவே சிரிக்கத் தொடங்கிவிட்டார். புதரை விடாமல், கண்ணில் நீர் வர வர, சேற்றில் தொங்கிக்கொண்டே சிரித்தார். மாடக்கண்ணு கை கொடுத்து மேலே தூக்கிவிட்டான்.

நீலமேகத்துக்கு அங்கேயே தீர்ப்பானது. பதினைந்து அடியிலும் புங்கையும் நொச்சியும் நட்டு, அவை வேர்பிடிக்கும் மட்டும் கரையிலேயே குடிசை போட்டுக் காக்க வேண்டும். மூன்று மழைக்காலம். "நின்றுகொண்டே காக்க வேண்டாம், உட்கார்ந்துகொள்ளலாம்" என்பது ராஜா காட்டிய கருணை.

பிறகு ராஜா சேற்றுக் கையாலேயே மாடக்கண்ணுவின் தோளைத் தட்டினார். "உன்னைப்போல் ஒருவன் கிடைக்கமாட்டான். இந்தக் கரை முழுவதையும், இரு புறமும் நாற்பது அடியையும், உன் பெயருக்கே எழுதித் தருகிறேன். வைத்துக்கொள்!"

சபை வாயைப் பிளந்தது. மாடக்கண்ணு கும்பிட்டான். ஆனால் தலை குனியவில்லை.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. இது உங்களுடையது இல்லையே, எனக்குக் கொடுப்பதற்கு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. சேனாதிபதியின் கை மறுபடி வாளுக்குப் போனது. அக்கரையில் செம்பாயி நிமிர்ந்தே நின்றாள். ராஜா தன் உள்ளங்கையைப் பார்த்தார். நொச்சி இலை கசங்கி ஒட்டியிருந்தது. வாசனை இன்னும் போகவில்லை.

"இல்லைதான்" என்றார் மெதுவாக. பிறகு முன்னைவிட உரக்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "இது என்னுடையதுதானே? இதையாவது வாங்கிக்கொள்ளடா!"

மாடக்கண்ணு வாங்கிக்கொண்டான். ராஜா பல்லக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கரையோரத்துப் புதர்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, நடந்தே அரண்மனைக்குப் போனார்.