நுனி ஒடியாத வெண்டைக்காய்

வேலங்காட்டுக் குளத்தங்கரையில் தும்பை என்றொரு முயல் இருந்தது. அந்தக் காட்டில் யாருக்கும் தோட்டம் கிடையாது. கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போவதுதான் வழக்கம். தும்பைக்குத்தான் முதன்முதலாகத் தோட்டம் போடும் ஆசை வந்தது.

சும்மா வரவில்லை அந்த ஆசை. போன வருஷம் மான் வீட்டில் ஒரு விசேஷம். மயில் ஒரு கூடை இலந்தைப்பழம் கொண்டுபோனது. முள்ளம்பன்றி மாசாணம் கிழங்கு சுமந்துகொண்டு வந்தான். தும்பை மட்டும் வெறுங்கையோடு போய், ஓரமாக உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அதற்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தும்பையின் உயிர்த்தோழி வடிவு என்ற அணில். பக்கத்து வேப்பமரத்தில் குடியிருந்தது. இப்போது வடிவு முழுகாமல் இருந்தது. சேதி கேட்ட அன்றைக்கே தும்பை முடிவு செய்துவிட்டது. 'வடிவு வளைகாப்புக்கு நான் கொடுக்கிற சீரைப் பார்த்து இந்தக் காடே வாயைப் பிளக்கணும்.'

மண்ணைத் தோண்ட முயலுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரே நாளில் பாத்தி கட்டிவிட்டது. உரத்துக்கும் வெளியே அலையவில்லை. தன் புழுக்கையையே மண்ணோடு கலந்து விட்டது. சிரிக்காதீர்கள், செடிகளுக்கு அது அமிர்தம். ஒரு முழத்துக்கு ஒன்றாக வெண்டை விதை ஊன்றியது. வேலியில் பீர்க்கங்கொடியை ஏற்றிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் வேரில் தண்ணீர் ஊற்றியது. இலையில் பூச்சி தெரிந்தால், ஆடு மேய்ப்பவர்கள் அடுப்பு மூட்டிய இடத்திலிருந்து சாம்பல் அள்ளிவந்து தூவியது.

ஒன்றரை மாதத்தில் வெண்டைச் செடியெல்லாம் மஞ்சள் பூ. ஐந்தே நாளில் பூ விழுந்து, விரல் நீளத்துக்குப் பிஞ்சு நின்றது. தும்பை ஒவ்வொரு காயாகத் தடவித் தடவிப் பார்த்தது.

வடிவு மெதுவாக மரத்தை விட்டு இறங்கி வந்தது. முகமெல்லாம் வாடியிருந்தது.

"எதைத் தின்னாலும் குமட்டுதுடி தும்பை. வேப்பம்பழம்கூட உள்ளே இறங்க மாட்டேங்குது. இந்த வெண்டைக்காயைப் பாத்ததும்தான் நாக்குல எச்சி ஊறுது. ஒண்ணே ஒண்ணு குடேன்."

சொல்லிக்கொண்டே, பக்கத்திலிருந்த காயின் நுனியை ஒடித்துப் பார்க்கக் கையை நீட்டியது.

"ஐயோ, நுனியை ஒடிக்காதே!" தும்பை பாய்ந்து வந்து தடுத்தது.

"ஒடிச்சுப் பாக்காம இளசா முத்தலான்னு எப்படித் தெரியும்?"

"தெரியவே வேண்டாம். இப்ப விரல் அளவுதான் இருக்கு. உன் வளைகாப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கில்ல? அதுக்குள்ள ஒவ்வொண்ணும் சாண் நீளத்துக்கு வளந்துடும். கூடை கூடையா உனக்குத்தான்."

"எனக்குத்தான்னா இப்பவே ஒண்ணு குடுத்தா என்னடி?"

"பன்னிரண்டே நாள். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ."

வடிவு மெதுவாக மரமேறிப் போய்விட்டது. தும்பைக்குப் பாசம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். அன்று முழுக்க அது வடிவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. வடிவுக்கு முன்னால் கூடையை இறக்கி வைக்கும் காட்சியை மனசுக்குள் நூறு தரம் ஓட்டிப் பார்த்தது. அந்த வடிவு சிரித்துக்கொண்டே இருந்தது. மரத்தில் இருந்த வடிவோ பசியோடு படுத்திருந்தது.

நான்கு நாள் கழித்து வடிவு மறுபடியும் வந்தது. இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

"சும்மா கொஞ்ச நேரம் இங்க உக்காந்துட்டுப் போறேன்டி. செடி வாசமாவது வரட்டும்."

தும்பைக்கு மனசு கேட்கவில்லை. கை தானாக ஒரு காயிடம் போனது. ஆனால் அந்தக் காய்தான் தோட்டத்திலேயே நீளமான காய். கூடையில் மேலே வைக்க வேண்டிய காய். போன கை திரும்பி வந்துவிட்டது. நல்ல முயல்தான், என்ன செய்வது, புத்தி அப்படிப் போனது.

இதற்கிடையில் ஒரு பச்சைக்கிளி வேறு தொந்தரவு கொடுத்தது. வேலியோரத்தில் நின்ற ஒரு செடிக்கு மட்டும் தினமும் வரும். பிஞ்சாகப் பார்த்துக் கொத்திக்கொண்டு பறந்துவிடும்.

"நாசமாப் போற கிளியே, அந்தச் செடியை மொட்டையாக்கிட்டியே! வடிவுக்கு வெச்சிருந்த காய்டா அது!" என்று தும்பை கத்தும். கிளி திரும்பிக்கூடப் பார்க்காது. கடைசியில் தும்பை அந்த ஒரு செடியைக் கை கழுவிவிட்டது. அந்தப் பக்கமே போவதில்லை.

வளைகாப்புக்கு முதல் நாள் தேனீ வந்தது. செடி செடியாகச் சுற்றிவிட்டுக் கேட்டது. "என்ன தும்பை, பூவையே காணோம்?"

"காய் இருக்கே, பாக்கலையா? எவ்வளவு பெரிசு!"

"காய் எனக்கெதுக்கு? பூ இல்லாத இடத்துல எனக்கு வேலை இல்லை" என்று சொல்லி, தேனீ வேலிப்பக்கம் போய்விட்டது. தும்பை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குக் கூடை பின்னும் வேலை இருந்தது.

விடிந்தது. வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மயில் அருகம்புல்லில் வளையல் பின்னிக் கொண்டுவந்திருந்தது. வடிவின் கையளவு மயிலுக்கு நன்றாகத் தெரியும். ஆசையாக எடுத்து வடிவின் கையில் போட்டது. வளையல் நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்றைப் போட்டது. அதுவும் விழுந்தது.

"என்னடி இது, கை இப்படிக் குச்சியாப் போச்சு? சாப்பிடுறியா இல்லையா?" என்று மயில் பதறியது.

"சாப்பிடத்தான் போறா! எல்லாரும் வழி விடுங்க" என்று தும்பை கூடையைத் தூக்கி வந்து நடுவில் இறக்கியது. சாண் நீள வெண்டைக்காய்கள். தடித்தடியாகப் பீர்க்கங்காய்கள். மானே அசந்துபோய் நின்றது. போன வருஷத்து உறுத்தல் அந்த நிமிஷமே தீர்ந்தது தும்பைக்கு.

வடிவு ஆசையாக ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தது. ஒடியவில்லை. வளைந்தது. இன்னொன்றை எடுத்தது. அதுவும் நார் நாராக வளைந்ததே தவிர ஒடியவில்லை. கடித்துப் பார்த்தது. பல் இறங்கவில்லை.

"இப்படிக் கொடு" என்று மாசாணம் வாங்கினான். பல்லுக்குப் பேர்போனவன். முகத்தைக் கோணிக்கொண்டு மென்றான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான். கடைசியில் மரியாதைக்காக விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கயிறு மாதிரி இருக்கு" என்றான்.

தும்பை ஒவ்வொரு காயாக ஒடித்துப் பார்த்தது. கூடை காலியானது. ஒன்றுகூட ஒடியவில்லை. கீழே கிடந்த புல் வளையல்களைப் பார்த்தது. வடிவின் மெலிந்த கையைப் பார்த்தது. பொலபொலவென்று அழுதுவிட்டது.

"உனக்குத் தரணும் தரணும்னே உன்னைப் பட்டினி போட்டுட்டேனேடி."

வடிவு அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "கூடை யாருடி கேட்டா? அன்னைக்குக் கேட்டேன் பாரு, அந்த ஒண்ணு போதும் எனக்கு."

தும்பை தலையைக் குனிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தேனீ வந்தது. "அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. வேலியோரச் செடிக்குப் போ. அங்க பூவும் பிஞ்சுமா நிக்குது."

"கிளி மொட்டையாக்கின செடியா?"

"அதேதான். மத்த செடியெல்லாம் முத்தின காயைச் சுமந்துகிட்டு, வேலை முடிஞ்சதுன்னு பூக்கிறதை நிறுத்திடுச்சு. அந்தச் செடியில காய் தங்கினாத்தானே நிறுத்தும்? கிளி பறிக்கப் பறிக்க அது பூத்துக்கிட்டே இருக்கு."

தும்பை ஒரே ஓட்டமாக ஓடியது. தேனீ சொன்னது நிஜம்தான். செடி கொள்ளாத மஞ்சள் பூ. நடுவே விரல் நீளத்தில் ஆறு பிஞ்சு. பறித்துக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்க வடிவின் கையில் வைத்தது.

"நீயே ஒடிச்சுப் பாரு."

வடிவு நுனியை ஒடித்தது. டக்.

அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். வடிவு கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ஒன்று, இரண்டு, மூன்று. குமட்டவில்லை. நான்காவதைப் பாதியாக்கித் தும்பையின் வாயில் திணித்தது.

"இவ்வளவு ருசியாடி?" என்றது தும்பை. பாவம், தன் தோட்டத்துக் காயை அதுவே அன்றைக்குத்தான் தின்று பார்க்கிறது.

முற்றிய காய்களும் வீணாகவில்லை. அணிலுக்குப் பிளக்கத் தெரியாதா? வடிவு நாரைக் கிழித்து உள்ளே இருந்த வெள்ளை விதைகளை எடுத்துக் கொடுத்தது. எல்லாரும் கொறித்தார்கள். செடியில் மிச்சமிருந்த முற்றல்களைத் தும்பை பறித்துப் போட்டது. ஒரு செடியில் இரண்டு காயை மட்டும் அடுத்த விதைப்புக்காகக் காயவிட்டது. பீர்க்கங்காய்கள் கொடியிலேயே முற்றியவை. அவை வெயிலில் காய்ந்து மெத்தென்ற நாராயின.

அந்த நாரை மெத்தையாக விரித்துத்தான் வடிவு தன் மூன்று குட்டிகளையும் படுக்க வைத்தது. அதற்குள் கை தேறியிருந்தது. மயில் புதிதாகப் பின்னிப் போட்ட வளையல் நழுவவில்லை.

முற்றல்களைப் பறித்துப் போட்ட பத்து நாளில் தோட்டமெல்லாம் மறுபடி பூத்தது. தும்பை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் பறித்துவிடும். வடிவுக்கு இரண்டு, மானுக்கு இரண்டு, மாசாணத்துக்கு இரண்டு என்று வீடு வீடாகப் போய்க் கொடுக்கும். கூடையெல்லாம் இல்லை, கையில்தான். கிளியை மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வேலியோரச் செடிப்பக்கம் போய் அதை விரட்டுவதில்லை.

ஆசையாக ஒருவருக்குக் கொடுக்க நினைத்ததை, பெரிதாகட்டும் என்று காத்திருக்காமல், அவர்களுக்குத் தேவைப்படும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.