இடுப்பில் இருந்த கை

பாளையங்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு செட்டில் பேக்பைப் ஊதும் ஞானசிகாமணி, ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் வரை உடுத்தும் கட்டம் போட்ட கில்ட்டில் வந்து நின்றான். எட்டு கஜத் துணி, மூன்று தோல்வார், மேலே ஓர் அகல பெல்ட். அதுதான் அவன் சீருடை.

மாப்பிள்ளையின் பெரியப்பா பலவேசம், பட்டு வேட்டியை இடுப்பில் இடது கையால் பிடித்தபடி, தெருவே தன்னுடையது என்பதுபோல வந்தார்.

"ஏல, பாவாடை கட்டிட்டா எங்க ஊர்வலத்துக்கு முன்னால நடப்பே? வேட்டி கட்டு, இல்லைன்னா செட்டோட கிளம்பு!"

பத்துப் பேர் பிழைப்பு. ஞானசிகாமணி கும்பிட்டான்.

"கட்டிருதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால ரெண்டு பேரும் கையைத் தலைக்கு மேல தூக்கிட்டு, அந்தா நிக்கிற மாப்பிள்ளை கார் வரைக்கும் நடப்போம். யார் உடுப்பு நிக்குதோ, அதுதான் மரியாதையான உடுப்பு."

வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பின்வாங்க மனமில்லாமல் பலவேசம் இடது கையைத் தூக்கினார். மூன்றாவது எட்டில் வேட்டி தரையில் கிடந்தது. தெருவே சிரித்தது.

அவருடைய வலது கை உயரவே இல்லை என்பதை ஞானசிகாமணி அப்போதுதான் பார்த்தான். பக்கவாதம் அடித்த கை. ஒற்றைக் கையால் கட்டினால் வேட்டி இறுகாது. கட்டிவிடச் சொல்லி யாரையும் கேட்கிற மனிதரும் அல்ல அவர். இடுப்பைப் பிடித்திருந்த அந்த இடது கையைத்தான் இவன் திமிர் என்று நினைத்திருந்தான்.

ஓடிப்போய் வேட்டியைச் சுற்றிவிட்டு, தன் பெல்ட்டைக் கழற்றி அதன்மேல் இறுக்கினான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"ஊதுல," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஊர்வலம் கிளம்பியது. கில்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இனி அவிழ வழியில்லாத அந்த வேட்டியை, மண்டபம் வரைக்கும், பலவேசத்தின் இடது கை விடவே இல்லை.