காயம் காத்த வெள்ளைப்படை

மெய்யூர் நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் போதும். தோல்தான் அதன் கோட்டைச் சுவர், ரத்தக் குழாய்கள்தான் கால்வாய்கள். அந்த நாட்டை ஆண்டவர் மெய்யரசர். அந்நியக் கிருமி எது நுழைந்தாலும் விழுங்கி ஏப்பம் விடுவது வெள்ளைப்படை, அதாவது ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். தளபதியின் பெயர் வெள்ளைச்சாமி. படையின் கொடியில் அரசரின் பாட்டனார் காலத்திலிருந்து இரண்டே சொல்: "காயம் காப்போம்."

அந்த அரசவையில் பிச்சாண்டி என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அவன் வராவிட்டால் மட்டும் சபை களைகட்டாது.

ஒரு நாள் அரசர் துரும்பாக இளைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். கிரீடம் காது வரை இறங்கியிருந்தது.

"வெள்ளைச்சாமி! நுரையீரல் பேட்டையில் கட்டியப்பன் என்று ஒருவன் வீட்டுக்கு மேல் வீடு கட்டிப் பெருகுகிறானாமே? பக்கத்துத் தெருவுக்குச் சோறு போகவில்லையாமே? உன் படை என்ன செய்கிறது?"

"பாதிப் படை அங்கேதான் நிற்கிறது, மகாராஜா."

"நின்றுமா வளர்கிறான்?"

"அவர் அந்நியர் இல்லையே, மகாராஜா. நம் ஊரிலேயே பிறந்தவர். பாவம், காயம்பட்டிருக்கிறார்."

அரசர் எழுந்துவிட்டார். "படையையே கலைக்கிறேன்!"

பிச்சாண்டி பதறி எழுந்தான். படை இல்லாவிட்டால் ஒரு சளிக் கிருமி போதும், நாடு காலி. நாடு போனால் பிச்சாண்டி எங்கே போவான்?

"பொறுங்கள் மகாராஜா, நான் போய்ப் பார்க்கிறேன்."

"போ. ஆனால் ஒரு வீரனைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பாட்டனார் கொடியில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. தோற்றால், படையோடு சேர்த்து உன்னையும் சீழாக வெளியேற்றிவிடுவேன்!"

பேட்டைக்குப் போன பிச்சாண்டி அசந்துபோனான். நடுவில் மலை மாதிரி கட்டியப்பன் படுத்திருந்தான். "ஐயோ, காயம்! வலிக்குதே!" என்று முனகினான். முனகும் போதெல்லாம் வீரர்கள் சோற்றுக் கூடையோடு ஓடினார்கள். இன்னொரு கூட்டம் அவன் வாசல் வரை புதுக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தது. ஈட்டியோடு வந்த ஒருவனைக் கட்டியப்பன் அதட்டினான்.

"நோயாளி இருக்கிற இடத்துல ஈட்டியா? ஓரமாப் போய் உட்காருப்பா!"

அவனும் உட்கார்ந்துவிட்டான்.

பிச்சாண்டி ஒரு பெரிய துணிச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான்.

"அண்ணே, அரசர் கட்டுப் போடச் சொன்னார். காயத்தோட வாய் எங்கே?"

"வாயா?"

"காயம்னா வாய் இருக்கணுமே. காட்டுங்க."

"என் வாய் இதோ இருக்கே!" என்று கட்டியப்பன் வாயைப் பிளந்தான். உள்ளே பாதி மென்ற சோறு.

பிச்சாண்டி வீரர்கள் பக்கம் திரும்பினான். "தம்பிகளா, சோறு தின்கிற காயத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? காயம் என்றால் நாளுக்கு நாள் சுருங்கும். இது ஏன் பெரிதாகிறது?"

ஒருவன் தலையைச் சொறிந்தான். "கொடியில காயம் காப்போம்னுதானே இருக்கு, ஐயா?"

"இருக்கிறது. காயம் என்றால் புண் மட்டும்தானா? உடம்புக்கும் காயம் என்றுதானே பெயர்? நீ நிற்கிற இந்த நாடு முழுவதும் காயம். அதைத்தான் இவன் தின்கிறான்."

வீரர்கள் கொடியைப் பார்த்தார்கள், கட்டியப்பனைப் பார்த்தார்கள். கூடைகள் கீழே விழுந்தன. கால்வாய் வெட்டிய மண்வெட்டிகளே கால்வாயை மூடின. உட்கார்ந்திருந்தவன் ஈட்டியோடு எழுந்தான்.

"நான் உங்க ஊர்க்காரன்டா!" என்று கத்தினான் கட்டியப்பன்.

"ஊர்க்காரன்தான்," என்றான் பிச்சாண்டி. "அதனால்தான் இத்தனை நாள் ஏமாந்தோம்."

கட்டியப்பன் கரையக் கரைய அரசர் தேறினார். கிரீடம் காதைவிட்டு மேலே ஏறியது. சபை கூடியது. தளபதி வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு வீரன் கூடவில்லை, குறையவில்லை, ஓர் எழுத்தும் மாறவில்லை!" அரசருக்கு வாயெல்லாம் பல். "பிச்சாண்டி, பாதி நாட்டை எடுத்துக்கொள்!"

பிச்சாண்டி நாலடி பின்வாங்கிக் கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா! பாதி நாட்டை எடுத்துக்கொண்டவனைத்தான் இப்போது கரைத்துவிட்டு வந்தோம்."

அரசர் சிரித்த சிரிப்பில் நாடே குலுங்கியது.